டப்ளினில் எதைப் பார்ப்பது, எங்கே பாட்டுக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் டப்ளினுக்குக் குடிவந்த பிறகு ஊரிலிருந்து விருந்தாளி வராத கோடை ஒன்றுகூட இல்லை. விசா கையில் கிடைத்த அன்றே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அத்தைக்கு ஒரு தடவை, சித்தப்பா மகனுக்கு ஒரு தடவை, கல்லூரித் தோழிக்கு ஒரு தடவை என்று ஒரே பதிலைத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். இதில் என் சொந்த விருப்புவெறுப்பு நிறைய இருக்கிறது. ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகச் சண்டை போடலாம்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நகரத்துக்கு மூன்று முழு நாள் போதும். நான்காவது நாள் இருந்தால் கடற்கரைப் பக்கம் போகலாம். டப்ளின் சின்ன ஊர். லிஃபி ஆறு நடுவில் ஓடுகிறது, பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அதன் இரு கரையிலும் நடந்தே எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வராதீர்கள். பகலில் இரண்டு இடம், மாலையில் ஒரு பப், அவ்வளவுதான். மாலை நேரத்தைக் கட்டாயம் காலியாக வைத்திருங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஐரோப்பா விசா இருக்கிறது, அதிலேயே வந்துவிடலாமா?

முடியாது. அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் சேர்ந்ததல்ல. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி ஐரிஷ் விசா வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஒரு விசாத் திட்டத்தில் இந்தியர்களுக்கு இடம் உண்டு. அந்தத் திட்டத்துக்கான குறிப்பு அச்சிட்ட பிரிட்டன் விசா இருந்தால், முதலில் பிரிட்டனுக்குள் போய்விட்டு அதிலேயே இங்கும் வரலாம். குறிப்பு இருக்கிறதா என்று விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் பாருங்கள், எடுத்த பிறகு அல்ல.

எந்த மாதம் வரலாம்? எப்போதும் மழை பெய்யுமாமே?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. டப்ளினில் ஏறக்குறைய அதில் பாதிதான், 750 சொச்சம். ஆனால் சென்னை அதைச் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும். டப்ளின் ஆண்டு முழுக்கத் தவணை முறையில் தூறிக்கொண்டே இருக்கும். குடை கொண்டுவராதீர்கள், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த மழைச்சட்டைதான் சரி.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் வெளிச்சம் போகும். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மார்ச் 17, புனித பாட்ரிக் நாள், ஊர்வலம் பார்க்க ஆசையிருந்தால் வாருங்கள். ஆனால் அன்று அறை வாடகையும் கூட்டமும் தாங்காது. இசைக்காக மட்டும் வருவதென்றால் ஜனவரிக் கடைசியில் நடக்கும் டிராட்ஃபெஸ்ட் விழா நன்று. தேவாலயங்களிலும் பழைய மண்டபங்களிலும் கச்சேரி வைப்பார்கள். குளிர்தான், ஆனால் உள்ளே உட்கார்ந்து கேட்பதற்குக் குளிர் ஒரு தடையா?

டிரினிட்டி கல்லூரியில் ஒரு பழைய புத்தகத்தைப் பார்க்கவா அவ்வளவு காசு?

எல்லோரும் கேட்கிற கேள்வி. கெல்ஸ் நூல் என்பது கி.பி. 800ஐ ஒட்டிக் கையால் எழுதப்பட்ட, நான்கு நற்செய்திகளும் அடங்கிய லத்தீன் சுவடி. கன்றுத்தோலில் 340 ஏடுகள். நம் ஓலைச்சுவடிக்காரர்கள் எழுத்தாணியால் கீறினார்கள், இந்தத் துறவிகள் இறகுப் பேனாவால் வண்ணம் தீட்டினார்கள். ஒரு எழுத்துக்குள் பாம்பு, அதன் வாலுக்குள் பறவை, அதன் கழுத்துக்குள் முடிச்சு என்று போய்க்கொண்டே இருக்கும். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கங்களின் முன்னால் நின்றால் அங்கிருந்து நகர மாட்டார்கள். என் மாமியார் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

ஆனால் ஒன்று: கண்ணாடிப் பேழைக்குள் ஒரு விரிப்புதான் தெரியும். சில வாரங்களுக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுவார்கள். நூல் முழுவதையும் புரட்டலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான்.

அதே சீட்டில் நீள் அறை என்ற பழைய நூலகத்தையும் பார்க்கலாம். 65 மீட்டர் நீளம், மரத்தாலான பீப்பாய்க் கூரை. சீரமைப்புப் பணிக்காக இரண்டு லட்சம் பழைய நூல்களை அலமாரிகளிலிருந்து இறக்கத் தொடங்கியதால், படங்களில் பார்த்த காட்சியை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். அங்கேதான் பிரையன் போரு யாழ் இருக்கிறது. பெயர்தான் பழைய ஐரிஷ் மன்னன் ஒருவனுடையது, யாழ் அவனுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அயர்லாந்து நாணயத்திலும் அரசு முத்திரையிலும் இருப்பது இந்த யாழின் உருவம். பீர் தயாரிக்கும் கின்னஸ் நிறுவனம் 1876லேயே யாழைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டதால், 1922ல் பிறந்த புதிய அரசு தன் யாழை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. நாணயத்தையும் பீர் கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டப்ளின் கோட்டை கோட்டை மாதிரியே இல்லையாமே?

இல்லைதான். செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. 1204ல் இங்கிலாந்து அரசன் ஜான் கட்டச் சொன்ன கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பெரிய வட்டக் கோபுரமும் அடித்தளத்தின் சில பகுதிகளும்தான். மற்றதெல்லாம் பிற்கால மாளிகைக் கட்டடங்கள். பின்புறத் தோட்டம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கருநிறக் குளம் ஒன்று இருந்தது. ஐரிஷ் மொழியில் ‘தூவ் லின்’, கருங்குளம். ஊருக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

ஏழு நூற்றாண்டு ஆங்கிலேய ஆட்சி இந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது. 1922 ஜனவரியில் ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் இங்கே வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே கோட்டையின் சன்னல் கண்ணாடிகளைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு உடைத்துச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ். டப்ளினில் இசை படித்தவர். பிறகு சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார், 1917ல் அங்கே இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ‘ஜன கண மன’வுக்கு மதனப்பள்ளியில் சுரக்குறிப்பு எழுதியவரும் அவரே. கோட்டை முற்றத்தில் நிற்கும்போது எனக்கு முடிசூடிய யாரும் நினைவுக்கு வருவதில்லை, கல்லெறிந்த இந்த அம்மாள்தான் வருவார்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை எவை?

என்னைக் கேட்டால் டப்ளினில் மிக நல்லவை எல்லாம் இலவசமே.

கோட்டைத் தோட்டத்தை ஒட்டியே செஸ்டர் பீட்டி அருங்காட்சியகம். சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்த அமெரிக்கர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேகரித்த சுவடிகள், ஓவியங்கள். கி.பி. 200ஐ ஒட்டிய பாப்பிரஸ் ஏடுகள், பொன்னெழுத்துக் குரான்கள், முகலாயர் காலத்துச் சிற்றோவியங்கள். கூட்டமே இருக்காது. மாடியில் ஒரு தோட்டமும் உண்டு, கால் வலிக்கு நல்லது.

கில்டேர் தெருவில் தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவு. பொன் நகைகள், ஆர்டா கிண்ணம், தாரா ஊசி. இவற்றைவிட எல்லோரையும் பேச்சடைக்க வைப்பது சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த மனித உடல்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் விரலும் நகமும் அப்படியே இருக்கின்றன. சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போவதற்கு முன் யோசியுங்கள். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் தேசிய ஓவியக் கூடம். இயேசு கைதாவதைக் காட்டும் கரவாஜியோவின் ஓவியம் அங்கே இருக்கிறது. வேறு யாரோ வரைந்தது என்று நினைத்து டப்ளினில் இயேசு சபையார் வீட்டுச் சாப்பாட்டு அறையில் பல காலம் மாட்டி வைத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில்தான் உண்மை தெரிந்தது.

பீனிக்ஸ் பூங்கா 707 ஹெக்டேர். மான் கூட்டம் திரியும், தீனி போடாதீர்கள். குடியரசுத் தலைவர் மாளிகையும் உள்ளேதான். கிளாஸ்னெவின் தாவரவியல் பூங்காவுக்கும் கட்டணம் இல்லை.

கில்மெய்னம் சிறைக்குச் சீட்டே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

முன்பதிவு இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பயனில்லை. வழிகாட்டியோடு குழுவாக மட்டுமே உள்ளே விடுவார்கள். பயண நாள் உறுதியானதும் முதலில் எடுக்க வேண்டியது இந்தச் சீட்டுதான். சில வாரம் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் காலையில் இணையதளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தான இடங்கள் விற்பனைக்கு வரும்.

இவ்வளவு பாடுபட்டுப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்றால், 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள்கிழமையன்று ஓ'கானல் தெருவில் இருக்கும் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றிக் குடியரசைப் பிரகடனம் செய்தார்களே, அந்த எழுச்சியின் தலைவர்களில் பதினான்கு பேரை மே மாதத் தொடக்கத்தில் இந்தச் சிறையின் கல்லுடைக்கும் முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஜேம்ஸ் கானலி காயத்தால் நிற்க முடியாத நிலையில் இருந்ததால் நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டார்கள். ஜோசப் பிளங்கெட் சாவதற்குச் சில மணி நேரம் முன் சிறைத் தேவாலயத்தில் கிரேஸ் கிஃபர்டைத் திருமணம் செய்துகொண்டார். எழுச்சி நடந்தபோது ஊர் மக்கள் பெரும்பாலும் அவர்கள் பக்கம் இல்லை. இந்தச் சாவுகள்தான் மனத்தை மாற்றின. வழிகாட்டி இதைச் சொல்லும்போது முற்றத்தில் ஒருவரும் செல்பி எடுக்க மாட்டார்கள்.

அப்போது டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களில் ஒருவர் வி.வி. கிரி. ஐரிஷ் விடுதலைக்காரர்களோடு பழகியதால் 1916ல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பிற்பாடு குடியரசுத் தலைவரானது தெரிந்த கதை.

குடிக்காதவர்கள் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸுக்குப் போகலாமா?

போகலாம். பார்லி எப்படிக் கருகுகிறது, பீப்பாய் எப்படிச் செய்கிறார்கள், பழைய விளம்பரங்கள் என்று ஏழு மாடி. உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூடத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். சீட்டு விலையிலேயே ஒரு கோப்பை அடக்கம், பீர் வேண்டாம் என்றால் குளிர்பானம் தருவார்கள். 1759ல் ஆர்தர் கின்னஸ் இந்த இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு 9000 ஆண்டு குத்தகை எடுத்தார். அந்த ஆவணத்தின் முன் நின்று நம்மாட்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள், சென்னையில் வாடகை வீட்டில் இருந்த வலி போலும். மற்றபடி, விலை அதிகம். பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்கள் விட்டுவிடலாம்.

ஆற்றங்கரையில் எலும்பும் தோலுமாகச் சிலைகள் பார்த்தேன். அவை என்ன?

பஞ்ச நினைவுச் சின்னம். 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். அப்போதும் இங்கிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் போன கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்தத் தீவின் மக்கள்தொகை பஞ்சத்துக்கு முந்தைய எண்ணிக்கையை இன்றுவரை எட்டவில்லை.

சிலைகளுக்கு அருகிலேயே எபிக் என்ற புலம்பெயர்ந்தோர் அருங்காட்சியகம். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர்கள் இதில் மூன்று மணி நேரம் செலவழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

‘செஷன்’ என்கிறார்களே, அது கச்சேரியா?

கச்சேரி அல்ல. இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பப்பின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மேடை கிடையாது, பல இடங்களில் ஒலிபெருக்கியும் கிடையாது. நம்மைப் பார்த்து உட்காருவதில்லை, ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக உட்காருவார்கள். பேசிக்கொண்டே இருப்பவர்களில் ஒருவர் திடீரென்று ஒரு மெட்டை எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். முன்னால் தாள் எதுவும் இருக்காது. எல்லாம் காதால் பிடித்தவை. ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில்தான் உயிர் இருக்கிறது. மூன்று மெட்டு முடிந்ததும் சட்டென்று நின்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

தாளம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிக், ரீல், ஸ்லிப் ஜிக் என்பவை நடன மெட்டு வகைகள். ஜிக் 6/8, நம் திஸ்ர நடை. ரீல் சதுஸ்ரம். ஸ்லிப் ஜிக் 9/8, ஆனால் அது நம் சங்கீர்ணமல்ல, மூன்று மூன்றாகவே நடக்கும். நம்மூரில் இதன் சாயல் ஏற்கெனவே உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுரங்கள், வெள்ளையர் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் போட்டவை. அந்த மெட்டுகளில் இந்தத் தீவுகளின் நாட்டார் நடன மெட்டுகளும் கலந்திருக்கின்றன. நோட்டு சுரம் பாடிப் பழகிய பிள்ளைகள் இங்கே வந்தால் ‘இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே’ என்பார்கள்.

இது ஆயிரமாண்டு மரபு என்று பயண நிறுவனங்கள் சொல்லும். மெட்டுகளில் பல பழையவைதான். ஆனால் பப்பில் கூடி வாசிக்கும் வழக்கம் புதிது. முன்பெல்லாம் வீட்டு அடுப்படியிலும் நாற்சந்தியிலும் நடனத்துக்காக வாசித்தார்கள். 1935ல் நடனக் கூடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்து, பாதிரியார்களும் கெடுபிடி செய்து, வீட்டு நடனங்கள் நசிந்தன. லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் அங்கே பப்புகளில் கூடி வாசித்தார்கள். 1960களில் அந்த வழக்கம் இங்கும் பரவியது. ஊரைவிட்டுப் போனவர்கள் கண்டுபிடித்த ஊர்ப் பழக்கம்!

என்னென்ன வாத்தியங்கள் இருக்கும்?

ஃபிடில் நம் வயலினேதான், பிடிக்கும் முறையும் வில்லை இழுக்கும் விதமும் வேறு மாதிரி. தகரக் குழல், மரப் புல்லாங்குழல், கான்செர்ட்டினா, பொத்தான் அக்கார்டியன், பாஞ்சோ. கிரேக்கத்து பூசூக்கி 1960களில்தான் உள்ளே வந்தது, இன்று பிறப்பிலேயே ஐரிஷ் போல உட்கார்ந்திருக்கிறது. ‘பௌரான்’ என்பது ஆட்டுத்தோல் போர்த்திய வட்டப் பறை. தப்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கட்டையால் அடித்தபடி மறு கையால் தோலை உள்ளிருந்து அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். கஞ்சிராக்காரர்கள் கவனிக்க வேண்டிய கை.

‘இல்லன்’ குழல்தான் என் பலவீனம். பைக்குழல், ஆனால் வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் துருத்தி வைத்து அமுக்குவார்கள். ஒரு குழாய் மெட்டை வாசிக்க, மற்றவை நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி அடியில் சுருதி பிடித்துக்கொண்டே இருக்கும். கற்க ஏழு ஆண்டு, பழக ஏழு ஆண்டு, வாசிக்க ஏழு ஆண்டு என்று ஒரு பேச்சு உண்டு. 2017ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

சில இரவுகளில் எல்லா வாத்தியமும் நின்று ஒருவர் மட்டும் கண்ணை மூடி ஐரிஷ் மொழியில் பாடுவார். ‘ஷான் நோஸ்’, பழைய முறை என்று பொருள். தாளம் கிடையாது, துணை வாத்தியம் கிடையாது, சொல்லுக்குச் சொல் கமகம். விருத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பப்புக்குப் போவது?

ஸ்மித்ஃபீல்டில் ‘காபிள்ஸ்டோன்’. ‘இசைச் சிக்கல் உள்ள குடிக்கும் பப்’ என்று தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் இடம். 2021ல் அதைச் சுற்றி விடுதி கட்டத் திட்டம் வந்தபோது இளைஞர்கள் வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. முன் மேசையில் தினமும் வாசிப்பு உண்டு. சீக்கிரம் போனால்தான் உட்கார இடம்.

மெரியன் ரோவில் ‘ஓ'டானஹூஸ்’. 1960களின் தொடக்கத்தில் ‘தி டப்ளினர்ஸ்’ குழு உருவான இடம். பாட்டுகள் அதிகம், சேர்ந்து பாடலாம். ‘பிரேசன் ஹெட்’ தன் வயதை 1198 என்று எழுதி வைத்திருக்கிறது. கட்டடம் 18ஆம் நூற்றாண்டுதான், ஆனாலும் முற்றம் அழகு.

குடிவாடையே வேண்டாம் என்றால் ஹென்ரியெட்டா தெருவில் இல்லன் குழல் கலைஞர்களின் சங்கம் இருக்கிறது, அவ்வப்போது கச்சேரி வைப்பார்கள். மான்க்ஸ்டவுனில் ‘கோல்டஸ்’ அமைப்பின் தலைமையகம். 1951ல் தொடங்கிய இந்த அமைப்புதான் மரபிசையை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்துக் காப்பாற்றியது. டார்ட் ரயிலில் போய்விடலாம்.

டெம்பிள் பார் போகாமல் வந்தால் டப்ளின் பார்த்ததாகுமா?

பகலில் ஒரு நடை போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் பேருந்து நிலையம் கட்டுவதற்காக அந்தப் பேட்டையில் கட்டடங்களை வாங்கிப் போட்டிருந்தார்கள். திட்டம் இழுத்துக்கொண்டே போக, குறைந்த வாடகைக்கு ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் குடியேறினார்கள். பிறகு அரசே அதைப் பண்பாட்டுப் பேட்டையாக்கியது. இப்போது பண்பாடு கொஞ்சம், பீர் விலை நிறைய. இரவில் கிடாரும் ஒலிபெருக்கியுமாக எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள் ஓடும். அதுவும் ஒரு மகிழ்ச்சிதான், நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதை மரபிசை என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள். ஒரே நடையில் இசையும் விளக்கமும் வேண்டுமென்றால், இரண்டு இசைக்கலைஞர்கள் பப் பப்பாகக் கூட்டிப்போய் வாசித்துக் காட்டி விளக்கும் மாலைச் சுற்று ஒன்று இந்தப் பேட்டையிலிருந்து கிளம்புகிறது. முதல் இரவே அதில் போனால் அடுத்த இரவுகளில் காது தெளிவாக இருக்கும்.

செஷனில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வட்டத்துக்குள் காலியாக இருக்கும் நாற்காலி காலியல்ல, வாத்தியக்காரர் யாரோ வரப்போகிறார். தாளம் போடக் கை துறுதுறுக்கும், மேசையைத் தட்டாதீர்கள். தொடையில் போடுங்கள். வாசிப்பின்போது மெல்லப் பேசலாம், ஆனால் தனியாக ஒருவர் பாடத் தொடங்கினால் ஊசி விழும் சத்தம் கேட்க வேண்டும். நாம் ‘ஆஹா’, ‘சபாஷ்’ போடுவது போல இவர்களும் நடுவில் ஒரு சொல் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள், அது தப்பில்லை. கைபேசியில் பதிவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘க்ராக் எப்படி இருந்தது?’ என்று யாராவது கேட்டால் பயப்பட வேண்டாம். இங்கே அதற்குக் கலகலப்பு, அரட்டை, கூத்து என்று பொருள். நம்மூர்க் கிராக்கு வேறு.

ரிவர்டான்ஸ் மாதிரி நடனம் பார்க்க முடியுமா?

1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையை நிரப்ப ஏழு நிமிட நடனம் ஒன்று வைத்தார்கள், அதுதான் ரிவர்டான்ஸ். போட்டியில் வென்ற பாட்டு பலருக்கு மறந்துவிட்டது, அந்த இடைவேளை உலகம் சுற்றியது. கோடையில் கெயிட்டி அரங்கில் ரிவர்டான்ஸ் நடப்பது வழக்கம், முன்பே சீட்டு எடுங்கள். உடலை நேராக, கைகளைத் தொங்கவிட்டு, காலால் மட்டுமே பேசும் நடனம். பரதம் ஆடும் என் தங்கை மகள் பார்த்துவிட்டு, ‘தட்டடவு மட்டும் தெரிகிறது, அபிநயத்தைக் காணோம்’ என்றாள்.

பார்ப்பதைவிட ஆடிப் பார்ப்பதே நல்லது. ‘கேய்லி’ என்ற கூட்டு நடனத்தில் ஒருவர் அடி சொல்லிக்கொடுப்பார், நாம் தப்புத்தப்பாக ஆடலாம். நம் கும்மி, கோலாட்டம் தெரிந்தவர்கள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டோடு நிகழ்ச்சி என்று விற்கிறார்களே, போகலாமா?

பெரியவர்கள், குழந்தைகள் சேர்ந்த குடும்பமென்றால் போகலாம். இருக்கை உறுதி, பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மலைமேல் க்ளென்கல்லனில் இருக்கும் ‘ஜானி ஃபாக்ஸ்’ இதில் பேர்போனது. சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்ததுதான், ஆனால் வாசிப்பவர்கள் கைதேர்ந்தவர்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்று முன்பதிவிலேயே எழுதுங்கள்.

குழந்தைகளைப் பப்புக்குள் விடுவார்களா?

பெரியவர்களோடு விடுவார்கள். இரவு ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. பல செஷன்கள் ஒன்பதரைக்குத்தான் சூடுபிடிக்கும் என்பதால், குழந்தைகளோடு வருபவர்கள் மாலை நேரச் செஷனைத் தேடுங்கள். புகை பற்றிக் கவலை வேண்டாம். 2004லேயே தடை செய்துவிட்டார்கள். குடிக்காதவர்கள் டீ கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், இங்கே நம்மைவிடப் பெரிய டீப் பைத்தியங்கள்.

சைவம் கிடைக்குமா?

முன்பைவிட எளிது. விக்லோ தெருவில் ‘கார்னுகோப்பியா’ 1986 முதல் சைவ உணவகம். பப்பில் காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் சூப் எந்தச் சாற்றில் செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு மசித்து முட்டைக்கோஸ் கலந்த கோல்கேனன் தயிர்சாதம் போல வயிற்றுக்கு இதம். ‘கோடில்’ என்று எழுதியிருந்தால் அது பன்றி இறைச்சிக் குழம்பு. தென்னிந்திய உணவகங்களும் இருக்கின்றன. மூன்றாவது நாள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், மறைக்க வேண்டாம்.

கிரிக்கெட் மாதிரி ஊர் விளையாட்டு ஏதாவது பார்க்கலாமா?

ஹர்லிங் பாருங்கள். மட்டையும் சின்னப் பந்தும், வேகம் மட்டும் கண்ணுக்கு எட்டாது. குரோக் பார்க் அரங்கில் 82,000 பேருக்கு மேல் இடம், விளையாடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கோடை இறுதிப் போட்டிக்குச் சீட்டு கிடைக்காது, வசந்தகால லீக் ஆட்டங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். 1920 நவம்பர் 21 அன்று ஆட்டத்தின் நடுவே பிரிட்டிஷ் படை சுட்டதில் பதினான்கு பேர் இறந்தது இந்தத் திடலில்தான். அரங்கின் ஒரு பக்கத்துக்கு அன்று இறந்த ஆட்டக்காரர் ஹோகனின் பெயர்.

எப்படிச் சுற்றுவது?

லீப் அட்டை வாங்குங்கள், பேருந்து, லூவஸ் டிராம், டார்ட் எல்லாவற்றுக்கும் செல்லும். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். கடல் பார்க்க டார்ட்டில் ஹோத் போங்கள்.

செஷனில் நம்மையும் பாடச் சொல்வார்களாமே, உண்மையா?

சில நேரம். ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவரைக் கைகாட்டுவது பழைய மரியாதை. மறுக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தெரிந்தால் மறுக்காதீர்கள்.

போன கோடையில் கும்பகோணத்திலிருந்து வந்த என் அத்தையை அழைத்துப்போயிருந்தேன். மூலையில் டீக் கோப்பையோடு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புடவையைப் பார்த்தோ, தொடையில் தாளம் போட்டதைப் பார்த்தோ, ஃபிடில் வாசித்த பெரியவர், ‘உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று?’ என்றார். அத்தை என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். ‘எந்தச் சுருதி என்று கேள்’ என்று பெரியவர் என்னிடம் சொன்னார். ‘அஞ்சு கட்டை’ என்றார் அத்தை. ‘ஜி’ என்று நான் மொழிபெயர்த்தேன். பக்கத்தில் இருந்த கான்செர்ட்டினாக்காரப் பெண் தலையாட்டிவிட்டு அந்த ஒரு சுரத்தை மட்டும் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு தாலாட்டை எடுத்தார்.